வீட்டுக் கழிவுப் பொருள்களும் கைவேலையின் கூலியும்

உபயோகமற்றவை என்று நாம் வீட்டிற்கு வெளியே எறிந்துவிடும் பொருள்களில் எவை மெய்யாகவே உபயோகமற்றவை என்பதை ஆராய்ந்து பார்ப்பது அங்கத்தினர்களுக்குப் பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை எழுத முற்படுகிறோம். பழைய காகிதம், கிழிந்த புடவை, தறியில் மீந்த நூல், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வளையல் முதலியவற்றைக் கொண்டு பெட்டிகளும் மிதியடிகளும் அலங்காரப் பொருள்களும் செய்யும் கைவேலையைப் பற்றி இப்போது எங்கும் பேசுகிறார்கள். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறார்கள். பயிற்சியின் கடைசி நாளன்று மேசை நிறையப் பொருள்கள் இருக்கும்; பார்ப்பதற்கும் அழகாக இருக்கும். ஓர் ஆண்டு கழித்து, அவர்களில் யார் அந்த வேலையை இன்னும் செய்து வருகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. கைத்திறன் போதாமை இதற்குக் காரணமன்று. கழிவுப் பொருளுக்கு விலை இல்லாததால், அதில் செலவாகும் உழைப்புக்கும் விலை இல்லை என்று எல்லோரும், செய்கின்ற பெண்கள் உட்பட, நினைத்துவிடுவதே காரணம் என்பது நமது எண்ணம்.

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே உள்ள பாலவனத்தமும், அதற்கு அப்பால் திருச்சுழி வரை பரந்து கிடக்கும் கரிசல் காடும் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி வாழும் பூமி. மழை பொய்க்கும் ஆண்டுகளைக் கண்டு பழகிய குடும்பங்களில் எதையும் எளிதில் எறியமாட்டார்கள். வேட்டி நைந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். அதிலும் மிஞ்சியது விளக்குத் திரியாகும். புடவையின் கதை இன்னும் நீளமானது. குழந்தைக்குத் தொட்டில், தலைச்சுமைக்குச் சும்மாடு, விதைக்கு மூட்டை என்று ஒரு பருத்திப் புடவை உடுத்திக் கழித்த பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது. இதற்கு யாரும் கலை என்றோ கைத்தொழில் என்றோ பெயர் வைக்கவில்லை. குடும்பம் நடத்துவது என்றுதான் சொன்னார்கள்.

இன்று குப்பையின் தன்மையே மாறிவிட்டது. புடவை பெரும்பாலும் பாலியெஸ்டர். அது வியர்வையை உறிஞ்சாது. திரியாகத் திரித்தால் உருகிக் கருகும். கடையிலிருந்து வரும் பொட்டலம் பிளாஸ்டிக். காகிதமோ முன்னைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே பாட்டிமார் செய்ததை அப்படியே செய்யுங்கள் என்று சொல்வது பயன்படாது. எந்தப் பொருள் எதற்கு ஏற்றது என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டியிருக்கிறது.

முதலில் காகிதம். புதிதாக வாங்கிய சுளகை அப்படியே புடைக்க எடுக்காமல், காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து மெழுகிக் காயவைத்த பிறகே உபயோகிக்கும் வழக்கத்தை நம் அங்கத்தினர்களில் வயது முதிர்ந்த பெண்மணிகள் அறிவார்கள். மூங்கில் பிளாச்சுகளின் இடுக்குகளை அக்கூழ் அடைத்துவிடும். சிறு தானியம் ஒழுகாது. சுளகும் நெடுநாள் உழைக்கும். இதே கூழைப் பானையின் மேல் அப்பி எடுத்தால் பெட்டியாகிறது. தானியமும் பருப்பும் வைத்துக்கொள்ளும் இத்தகைய காகிதக் கூடைகள் தென் மாவட்டங்களின் வீடுகளில் முன்பு சாதாரணமாக இருந்தவை.

செய்முறை எளிது, ஆனால் அவசரம் ஆகாது. செய்தித்தாள், எழுதித் தீர்ந்த பள்ளி நோட்டு இவற்றைக் கம்பி, பசைநாடா எல்லாம் நீக்கிச் சிறு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு மூன்று நாட்கள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. கிழிந்த விளிம்பில் நார்கள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும். காகிதம் என்பது தாவர நார்தான். ஊறிய காகிதத்தைப் பிழிந்து ஆட்டுரலில் இட்டு ஆட்டவேண்டும். தனியே இரவு முழுவதும் ஊறிய வெந்தயத்தை வழவழப்பாக அரைத்து அதனுடன் கலக்கவேண்டும். வெந்தயத்தின் விதையில் தண்ணீரைக் குடித்துக் கொழகொழப்பாக உப்பும் ஒருவகைப் பிசின் இருக்கிறது. அதுவே நார்களைப் பிணைக்கும் பசை. அதன் கசப்புப் பூச்சிகளை அணுகவிடாது என்பதும் முன்னோர் அனுபவம். எவ்வளவு வெந்தயம் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு அளவுச் சூத்திரம் எதுவும் சொல்ல நாம் விரும்பவில்லை. கூழில் ஓர் எலுமிச்சம்பழ அளவு எடுத்து உருட்டி, உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் ஓரங்களில் வெடிப்பு விடாமல் வட்டமாகப் படியவேண்டும். வெடித்தால் பசை போதாது.

பானையையோ குடத்தையோ கவிழ்த்து, அதன் மேல் நனைத்த பழைய துணியை விரித்து, துணியின் மேல் கூழை அரை விரற்கடைக் கனத்தில் ஒரே சீராக அப்பி வரவேண்டும். அதன்பின் வெயில். இங்கேதான் பழக்கமில்லாதவர்கள் தவறுகிறார்கள். கூழ் காயும்போது சுருங்கும், பானை சுருங்காது. முற்றிலும் காய்ந்த பிறகு கழற்றலாம் என்று காத்திருந்தால் பெட்டி பானையைச் சுற்றி இறுகி வெடித்துவிடும். விளிம்பு சற்றே மேலெழும்பத் தொடங்கும் சமயம் பார்த்து, பாதி ஈரத்திலேயே கழற்றி, உட்புறத்தைத் தனியாகக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு மெல்லிய காகிதத் துண்டுகளைக் கஞ்சியில் தோய்த்து உள்ளும் புறமும் ஒட்டினால் பலம் கூடும். பாவுக்குக் கஞ்சி போடத் தெரிந்த நெசவாளர் வீட்டாருக்கு இந்தக் கஞ்சியின் பதத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கஞ்சி இருக்கும் இடத்திற்கு இராமபாணப் பூச்சி வரும். அதற்காகச் சிலர் மயில்துத்தம் கலக்கிறார்கள். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். வேப்பிலையை அரைத்துக் கலந்துகொள்வது மேல். மற்றொன்றும் சொல்லவேண்டும். முன்பு இக்கூடைகளில் தானியம் வைத்தார்கள் என்பதற்காக இன்றைய அச்சிட்ட காகிதத்தால் செய்த கூடையில் உணவுப்பொருளை நேராகக் கொட்டி வைப்பது சரியன்று. அச்சு மையில் உள்ள இரசாயனப் பொருள்கள் உணவில் கலக்கும் என்ற காரணத்தால், செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. தார், நூற்கண்டு, தையல் சாமான், துணிமணி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுக்கு இக்கூடை மிக ஏற்றது.

நம் மாவட்டத்தில் சிவகாசி இருப்பதால் நாட்காட்டிகளுக்கும் வண்ணப் படங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பளபளப்பான தாள் கூழுக்கு உதவாது. தாளின் மேல் வெண்களிமண் பூச்சு இருப்பதால் அது குழைந்து சேறாகுமேயன்றி நாராகப் பின்னாது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாள் ஊறவே ஊறாது. வழவழப்பான தாளைக் குச்சியில் சுற்றிக் குழல்களாக உருட்டி, அக்குழல்களைப் பின்னித் தட்டும் பெட்டியும் செய்யலாம். நீண்ட முக்கோணமாக வெட்டி உருட்டினால் மணிகள் கிடைக்கும். வாயிற்படிக்கு மணித்திரை கோக்கலாம். தாளின் நிறமே அலங்காரமாக அமைவதால் வர்ணச் செலவும் மிச்சம்.

கிழிப்பதற்கு முன் எதைக் கிழிக்கிறோம் என்று பார்ப்பதும் அவசியம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, ஏடுகளையும் நூல்களையும் திரட்டிப் பாண்டியன் புத்தகசாலை என்னும் நூல் நிலையத்தையும் ஏற்படுத்தினார். அவருடைய ஊரிலே, பரண் மேல் கிடந்தது என்பதற்காக ஒரு பழம் புத்தகத்தையோ ஏட்டுக் கட்டையோ படித்தவர் ஒருவரிடம் காட்டாமல் ஆட்டுரலில் போடுவது அழகாகாது.

அடுத்தது துணி. பருத்தியா, செயற்கை இழையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தால் போதும். பருத்தி காகிதத்தைப்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இரண்டுமே மிதியடிக்கு உதவும். ஆனால் ஈரம் துடைக்கும் மிதியடிக்குப் பருத்தியே வேண்டும். பாலியெஸ்டர் தண்ணீரைத் தள்ளிவிடுவதல்லாமல் சிமெண்டுத் தரையில் வழுக்கவும் செய்யும். முதியவர்கள் உள்ள வீட்டில் இது அற்ப விஷயமன்று.

பருத்திப் புடவை ஒன்றை நீளவாக்கில் மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாகக் கிழிப்பதாக வைத்துக்கொள்வோம். புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் 114 சென்டிமீட்டர் என்றால் 38 நாடாக்கள். எல்லாம் சேர்ந்து 209 மீட்டர் நீளமுள்ள ஊடை கையில் கிடைக்கிறது. 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மிதியடியில் சென்டிமீட்டருக்கு இரண்டு ஊடை வீதம் 180 ஊடை போகும். ஓரத்தில் மடங்குவதையும் சேர்த்து ஒரு வரிசைக்கு 65 சென்டிமீட்டர் கொண்டால் ஒரு மிதியடிக்கு 117 மீட்டர் ஆகிறது. எனவே ஒரு புடவையில் ஒரு மிதியடி போக, மேலும் ஒன்றின் பெரும்பகுதி வரும். நைந்த பகுதிகளைக் கழித்துவிட்டாலும் ஒன்றுக்குக் குறையாது.

இதற்குத் தறி எது? அருப்புக்கோட்டைப் பக்கத்தில் விசைத்தறி பெருகிவிட்டது. ஆனால் துணி நாடாவை விசைத்தறியின் நாடாவில் வைத்து ஓட்ட முடியாது. ஓட்டம் நின்று மூலையில் கிடக்கும் குழித்தறிக்கு இது தகுந்த வேலை. பாவு மட்டும் முறுக்கேறிய கனத்த நூலாக இருக்கவேண்டும். பாவு நைந்தால் மிதியடியின் ஆயுள் முடிந்தது. அச்சில் ஒரு பல் விட்டு ஒரு பல்லில் பாவை இழுத்து, ஒவ்வொரு ஊடையையும் பலமாக அடித்து நெய்யவேண்டும். நாடாக்களைத் தைத்து இணைப்பதற்குப் பதிலாக, இரண்டு நாடாக்களின் நுனியிலும் சிறு துளை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் ஊசிவேலை மிச்சமாகும். முடிச்சும் புடைத்து நிற்காது. பாவின் முடிவில் நெய்ய முடியாமல் நின்றுவிடும் நூலை அறுத்து எறியாமல் சேர்த்துவைத்தால், முறுக்கிக் கயிறாக்கலாம், குஞ்சமாகக் கட்டலாம், தலையணைக்குள் அடைக்கலாம். சாய நூலின் நுனிகளால் கட்டிய வாயில் தோரணம் நெசவாளர் வீட்டுக்கே உரிய அலங்காரம்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. சாமான் பெட்டிகளைக் கட்டி வரும் பட்டையால் கூடையும் கட்டிலும் பின்னுகிறார்கள். அது உறுதியான நல்ல வேலை. உருக்கி ஒட்டும் வேலைகளை வீட்டு அடுப்பில் செய்யவேண்டாம். அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. கிழிந்த வேட்டியின் கிழியாத பாகம் ஒன்று இருந்தால் கடைவீதிக்குப் பை தைத்துக்கொள்ள அது போதும்.

நமக்கு அண்டையிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்திய அவர் 1960 ஜனவரி 30 அன்று காலமானார். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பும் சுழற்சியை முறிக்காத பொருளாதாரமே நிலைத்து நிற்கும் என்பது அவர் எழுதியவற்றின் சாரம். காகிதக் கூடையும் பருத்தி மிதியடியும் உழைத்துத் தேய்ந்த பின் எருக்குழியில் மக்கிவிடும். ஆனால் அதே கூடைக்குப் பளபளப்பு வேண்டுமென்று எனாமல் வர்ணம் பூசி, பிளாஸ்டிக் பூ ஒட்டி, ஜிகினா தூவிவிட்டால் அது மக்கவும் மக்காது, மறுபடி அரைக்கவும் உதவாது. கழிவிலிருந்து செய்த பொருள் ஆறு மாதத்தில் இன்னும் மோசமான கழிவாவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? சுண்ணாம்பும் காவியும் போதும். பாட்டில்மேல் உடைந்த வளையலை ஒட்டி அலமாரியில் வைக்கும் வேலையையும் நாம் அவ்வளவாகப் பாராட்டவில்லை. சண்டிகரில் நேக் சந்த் என்பவர் உடைந்த வளையலையும் பீங்கானையும் ஓட்டையும் கொண்டு தனி ஒருவராகத் தொடங்கி உருவாக்கிய சிற்பத் தோட்டம் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு இன்றளவும் புகழ் பெற்று விளங்குகிறது. அது ஓர் அபூர்வ மனிதரின் வாழ்நாள் வேலை. தூசி துடைக்க நேரமில்லாத வீட்டில் உபயோகமுள்ள ஒரு பொருளே அழகாகவும் இருந்துவிடுவது நல்லது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கூலி விஷயத்திற்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது புதுச்சேரியை ஒட்டிய மீனவக் கிராமங்களும் பெருந்துன்பத்துக்கு உள்ளாயின. அப்பெண்களுக்கு மன ஆறுதலும் வருவாயும் ஒருங்கே கிடைக்கவேண்டும் என்று கருதி, ஆரோவில்லில் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தி வந்த உமா பிரஜாபதி, 2005இல் ஒரு கைவேலையைத் தொடங்கினார். தையலில் மீந்த துணித் துணுக்குகளால் விரலளவே உள்ள சிறு பொம்மை செய்வதுதான் வேலை. அதற்குச் சுனாமிகா என்று பெயர். இதில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அந்தப் பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கிறார்கள். பெற்றுக்கொண்டவர்களும் மற்றவர்களும் அளிக்கும் நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்கு ஊதியம் போயிற்று. பொம்மை உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. துணுக்கு இலவசமாக வந்தது; பொம்மையும் இலவசமாகப் போயிற்று; நடுவில் நின்ற பெண்ணின் உழைப்பு மாத்திரம் இலவசமாக விடப்படவில்லை. ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமப் பெண்கள் பழைய செய்தித்தாளைக் கொண்டு கிண்ணமும் கூடையும் செய்யும் முயற்சியொன்றும் அந்தப் பேரிடரை அடுத்து எழுந்ததே.

நன்கொடையை நம்பி நம் சங்கம் நடக்க இயலாது. வெளிநாட்டு விருந்தினர் வந்துபோகும் ஆரோவில் வேறு. அருப்புக்கோட்டைச் சந்தை வேறு. ஆயினும் கணக்கு ஒன்றுதான். ஒரு காகிதப் பெட்டிக்குக் கிழிப்பது, ஆட்டுவது, அப்புவது, கழற்றுவது, மேல்தாள் ஒட்டுவது எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம் பிடிக்கிறது என்று உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். ஐந்து நாட்களில் ஓய்ந்த நேரத்தில் செய்தாலும் ஆறு மணி ஆறு மணிதான். அதே ஆறு மணி நேரம் ஊடைக்குத் தார் சுற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும், களையெடுக்கப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அந்த அங்கத்தினர் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். அந்தத் தொகைக்கு வெந்தயச் செலவையும் பண்டகசாலையின் கமிஷனையும் சேர்த்தால் வருவதே விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் அது தொழில். இல்லாவிட்டால் தன் வீட்டு உபயோகத்திற்கும், மகளின் சீர்வரிசைக்கும், உறவினருக்குக் கொடுப்பதற்கும் என்று செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. தொழில் என்ற பெயரால் கூலியில்லாத வேலை ஒன்றைப் பெண்களின் தலையில் ஏற்றுவதுதான் தவறு. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்யலாமே என்று ஆண் அங்கத்தினர்கள் சொல்வதுண்டு. தண்ணீர் எடுத்து, சோறாக்கி, தாரும் சுற்றித் தரும் பெண்ணுக்கு அப்படியொரு நேரம் எப்போது வருகிறது என்பதை அவர்கள் இதுவரை சொன்னதில்லை.

கழிவுக்கு விலை இல்லை என்பதும் முழு உண்மையன்று. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பேட்லி என்னும் ஊரில் 1813ஆம் ஆண்டு பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் முறையைக் கண்டபின், கந்தல் பொறுக்குவதே பெரும் வணிகமாயிற்று. இந்நாளில் ஹரியானாவின் பானிப்பட்டில் உலகத்துக் கந்தலெல்லாம் வந்து கம்பளமாகிறது. நம் திருப்பூரில் பனியன் வெட்டியபின் மிஞ்சும் துணுக்கை வாங்கிப் பஞ்சாக்கி மீண்டும் நூற்கிறார்கள். நிறம் பிரித்து வைத்த துணுக்காயிருந்தால் மறுபடி சாயம் போடவேண்டிய தேவை குறைகிறது. ஆதலால் அதற்கு மதிப்பும் கூடுகிறது. இதிலிருந்து நமக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஒவ்வொரு நெசவாளர் வீட்டிலும் மீந்த நூலை நிறவாரியாகத் தனித்தனிப் பையில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை சங்கத்தில் சேர்த்து நிறுத்தால், தோரணமும் குஞ்சமும் கட்டுபவர்களுக்கு ஒரே நிறம் போதிய அளவில் கிடைக்கும். எஞ்சியது மொத்த வியாபாரிக்குப் போகும். ஒரு வீட்டின் கைப்பிடி நூலை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பாரான். நூறு வீட்டு நூல் மூட்டையாக வந்தால் விலை பேசுவான். கூட்டுறவு எதற்கு என்று இளைஞர்கள் கேட்டால் இந்த மூட்டையைக் காட்டலாம்.

விற்பனைக்குச் செய்பவர்கள் அளவையும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. பத்துப் பேர் பத்துப் பானையில் அப்பினால் பத்தும் வேறு அளவாக வரும். வாங்கும் கடைக்காரர் மறுமுறை அதே அளவு கேட்டால் கொடுக்க இயலாது. சங்கத்தின் சார்பில் மூன்று அளவில் மண்பானைகள் வாங்கி வைத்து முறைவைத்துக் கொடுத்து வாங்கினால் போதும், செலவு சொற்பம். பெட்டியோடு சிறு சீட்டு ஒன்றில் இது காகிதத்தால் ஆனது, ஈரம் ஆகாது, உணவுப்பொருளை நேராக இடவேண்டாம் என்று எழுதி வைப்பதும் நாணயம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கூழ் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அம்மாதங்களில் காகிதத்தைச் சேகரித்து, கம்பி நீக்கி, பளபளப்பான தாளைத் தனியாகவும் செய்தித்தாளைத் தனியாகவும் கட்டி வைத்துக்கொள்ளலாம். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் முதல் ஊறலைப் போடலாம். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து வெயிலில் காலையில் அப்பிய பெட்டி மாலைக்குள் விளிம்பு எழும்பிவிடக்கூடும். அன்று வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். பிழிந்த நீரைச் சாக்கடையில் விடாமல் முற்றத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.